லிஃப்ட் கிட் போட்டால் வண்டியின் அடிப்பகுதி முழுவதும் உயருமா?

"ஹைலக்ஸ், வி-கிராஸ் பிக்கப்களில் 4 இன்ச் லிஃப்ட் கிட் போட்டால் கிரவுண்ட் கிளியரன்ஸ் எல்லா இடத்திலும் 4 இன்ச் கூடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. லிஃப்ட் கிட் என்பது வண்டியைச் சக்கரங்களிலிருந்து மேலே உயர்த்தும் பாகங்களின் தொகுப்பு; கிரவுண்ட் கிளியரன்ஸ் என்பது தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி.

உயருவது பாடியும் சேஸிஸும்தான். இந்த வண்டிகளில் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கின் (பட்டை ஸ்பிரிங்) கீழ், இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே துண்டான ஆக்ஸில். அதன் நடுவிலுள்ள, சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் அமைப்பான டிஃபரன்ஷியல்தான் பாறையில் முதலில் இடிக்கும். ஆக்ஸில் சக்கரங்களோடு இணைந்திருப்பதால் அதன் உயரத்தைத் தீர்மானிப்பது டயர். அதிலும் விட்டத்தில் பாதிதான் கணக்கு. 30 இன்ச் டயரை 32 ஆக்கினால் கிடைப்பது 1 இன்ச். சந்தேகமிருந்தால், கிட் போடும் முன்னும் பின்னும் டிஃபரன்ஷியலுக்கு அடியில் டேப் வைத்து அளந்து பாருங்கள்.

லிஃப்ட் வீண் என்று சொல்லவில்லை. பெரிய டயருக்கு இடம் கிடைக்கும், மேடேறும் கோணமும் கூடும். ஆனால் முன்பக்கம் அதிகம் உயர்த்தினால், முன் சக்கரங்களுக்குச் சக்தியைக் கடத்தும் சிவி ஜாயிண்ட் சீக்கிரம் தேயும். விலை மலிவு என்று வெறும் ஸ்பேசரை (உயரம் கூட்ட இடையில் வைக்கும் துண்டு) வாங்குபவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. அப்புறம், வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ஐயும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.