அந்தரக் கேமராவில் பந்து பட்டால் ஆட்டம் தொடருமா?

அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் மேலே நகரும் கேமரா ஒரு டிரோன் என்றும், உதைத்த பந்து அதில் பட்டால் அந்த வாய்ப்பு (அந்த ஒரு முறை ஆடும் முயற்சி) உதைத்த அணிக்குப் பறிபோகும் என்றும், அது ஒருபோதும் கீழே விழுந்ததில்லை என்றும் ஒரு பதிவு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இம்மூன்றும் தவறு.

அது பறப்பதில்லை. மைதானத்தின் நான்கு மூலைகளிலும் உயரத்திலிருந்து வரும் நான்கு வடங்களில் தொங்குகிறது; கணினி கட்டுப்படுத்தும் உருளைகள் அவ்வடங்களைச் சுருட்டியும் தளர்த்தியும் அதை நகர்த்துகின்றன. அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-இன் விதிப்புத்தகத்தின் 7ஆம் விதியின்படி, ஆட்டத்திலுள்ள பந்து இந்தக் கேமராவையோ அதன் வடத்தையோ தொட்டால் உடனே ஆட்டம் நிறுத்தப்பட்டு, அதே வாய்ப்பு முந்தைய இடத்திலிருந்து மீண்டும் ஆடப்படும். இப்புத்தகம் லீகின் இணையதளத்திலேயே இருக்கிறது. யாரும் படித்துச் சரிபார்க்கலாம்.

விழுந்ததே இல்லை என்பதுதான் இவற்றுள் கவலைக்குரிய பொய். 2011 டிசம்பர் 30 அன்று அரிசோனாவின் டெம்பி நகரில், ஐயோவா, ஒக்லஹோமா பல்கலைக்கழக அணிகள் மோதிய இன்சைட் பௌல் ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில், கேமரா அறுந்து ஐயோவா வீரர் மார்வின் மெக்நட்டின் பின்னால் விழுந்தது. அதன் வடமும் அவரைச் சிக்க வைத்தது. நல்லவேளையாகப் பெரிய காயமில்லை. அந்தக் காணொளி இன்றும் இணையத்தில் கிடைக்கிறது.

மேலே இருந்து காட்டும் கோணத்தில் எத்தனை கெஜம் முன்னேறினார்கள் என்று கணிப்பது கடினம் என்ற குறையை யாரும் பேசலாம், அது நியாயமானது. ஆனால் மேற்சொன்ன பதிவு உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலும் பகிராதீர்கள். அனுப்பியவருக்கும் இந்த விவரத்தைத் தெரிவியுங்கள்.