பாதி ஆட்டத்தில் மோடைத் தொடாதீர்கள்

ஸ்கைரிம் 2011-இல் வந்த கேம். டர்பனிலும் ஜோபர்க்கிலும் நம் பிள்ளைகள் இன்னும் அதை விட்டபாடில்லை. குளிர்கால விடுமுறை விட்டால் போதும், இருக்கிற மோட் (கேமை மாற்ற ரசிகர்கள் செய்யும் கூடுதல் கோப்புகள்) அத்தனைக்கும் ஒரே மூச்சில் அப்டேட் போடுவார்கள். மறுநாள் "அண்ணா, கேம் திறக்கவே மாட்டேங்குது" என்று குரூப்பில் புலம்பல். புது வெர்ஷன் வந்துவிட்டது என்பது அப்டேட் போட ஒரு காரணமே இல்லை என்பேன். உங்களுக்கு இருக்கும் பிழை ஏதாவது அதில் சரியாகிறதா? அடுத்து சேர்க்கப்போகும் மோட் அந்த வெர்ஷனைக் கேட்கிறதா? இரண்டும் இல்லையென்றால் கை வைக்காதீர்கள்.

கை வைத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் கேமின் வெர்ஷனைப் பாருங்கள். ஸ்பெஷல் எடிஷன் ஃபோல்டரில் உள்ள எக்ஸ்இ கோப்பை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ். பல மோட்கள் நம்பியிருக்கும் எஸ்கேஎஸ்இ என்ற துணை நிரல் அதற்குப் பொருந்த வேண்டும்: கேம் 1.5.97 என்றால் எஸ்கேஎஸ்இ 2.0.20, 1.6.1170 என்றால் 2.2.6. டிஎல்எல் (நிரல் கோப்பு) வைத்திருக்கும் மோட்களுக்கு இந்த எண் மாறினால் ஆகாது. அவற்றில் பல நம்பியிருக்கும் அட்ரஸ் லைப்ரரி மோடிலேயே 1.5-க்கு ஒரு கோப்பு, 1.6-க்கு வேறு கோப்பு. ஃபால்அவுட் 4-க்கு 2024 ஏப்ரல் 25 அன்று வந்த அப்டேட்டில் எஃப்4எஸ்இ-யை (எஸ்கேஎஸ்இ போல அந்தக் கேமுக்கானது) நம்பியிருந்த மோட்கள் படுத்ததும் இதனால்தான். ஸ்டீமில் கேமைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் ஆகும்படி வைத்துவிட்டு, எப்போதும் எஸ்கேஎஸ்இ லோடர் வழியாகவே திறங்கள்.

அடுத்து பேக்கப். டாக்குமெண்ட்ஸ், மை கேம்ஸ் வழியாகப் போனால் சேவ்ஸ் ஃபோல்டர் இருக்கும். ஒவ்வொரு சேவுக்கும் .ஈஎஸ்எஸ், .எஸ்கேஎஸ்இ என்று இரண்டு கோப்புகள். பலர் முதலாவதை மட்டும் காப்பி எடுக்கிறார்கள். இரண்டாவது இல்லையென்றால் சேவ் திறக்கும், ஆனால் எஸ்கேஎஸ்இ மோட்கள் அதில் எழுதி வைத்த தகவல் எல்லாம் போய்விடும். கேம் செட்டிங்ஸ் உள்ள ஐஎன்ஐ கோப்புகளையும் சேர்த்து எடுங்கள். டாக்குமெண்ட்ஸை ஒன்டிரைவ் இழுத்துக்கொண்டிருந்தால், வேலை முடியும்வரை அதன் சிங்கை நிறுத்தி வையுங்கள்.

மோட்களை நிர்வகிக்கும் மோட் ஆர்கனைசர் 2-இல் அதே பெயரில் புது வெர்ஷனைப் போடும்போது மெர்ஜ், ரிப்ளேஸ், ரீநேம் என்று கேட்கும். முக்கால்வாசித் தொல்லை இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. மெர்ஜ் கொடுத்தால் பழைய வெர்ஷனில் இருந்து, புதியதில் ஆசிரியர் நீக்கிவிட்ட ஸ்கிரிப்ட் கோப்புகள் அப்படியே தங்கிவிடும். புது பிளகினோடு (மோடின் முக்கியத் தரவுக் கோப்பு) பழைய ஸ்கிரிப்ட் ஓடினால் குவெஸ்ட் நடுவழியில் நிற்கும். காரணம் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது. "மெயின் ஃபைலின் மேல் போடு" என்று ஆசிரியரே எழுதியிருந்தால் மட்டும் மெர்ஜ். நான் சொல்வது ரீநேம். புதியதைத் தனிப் பெயரில் போட்டு, டிக் வைத்து, பழையதன் டிக்கை எடுங்கள். பிடிக்காவிட்டால் இரண்டே கிளிக்கில் பழையபடி ஆகிவிடும். ஒரு நேரத்தில் ஒரு மோட்தான். பழைய ஜிப்பை அழிக்காதீர்கள்.

டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்), மெஷ் (முப்பரிமாண வடிவம்) மட்டும் உள்ள மோட்களை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஸ்கிரிப்ட் உள்ளவை அப்படியல்ல. ஏற்கெனவே ஓடிய ஸ்கிரிப்டின் மதிப்புகள் சேவுக்குள் பதிந்துவிடுகின்றன; ஆசிரியர் திருத்திய மதிப்பு உங்கள் பழைய சேவில் தெரியாமலே போகலாம். இஎஸ்பி பிளகினாக இருந்ததைச் சுருக்கி இஎஸ்எல் (சிறிய வகைப் பிளகின்) ஆக்கியிருந்தால், பொருள்களின் அடையாள எண்ணான ஃபார்ம்ஐடி மாறும், பையில் இருந்த வாள் காணாமல் போகும். சேஞ்ச்லாகில் (மாற்றங்களின் பட்டியல்) "புது கேம் தேவை" என்று இருந்தால் அந்தக் கதாபாத்திரத்தை முடித்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள். இதில் குறுக்கு வழி கிடையாது. சேவ் கிளீனர் (சேவிலிருந்து பழைய ஸ்கிரிப்ட் தகவலை நீக்கும் கருவி) வைத்துச் சமாளிக்கலாம் என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

நம்மூருக்கு மட்டும் ஒன்று. லோட் ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) முன்பு போல இல்லைதான். ஆனாலும் சொல்லாமல் கரண்ட் போவது நிற்கவில்லை. பிரீபெய்ட் மீட்டரில் யூனிட் தீர்வதும் உண்டு. ரவுட்டருக்கு வாங்கிய குட்டி யூபிஎஸ் டெஸ்க்டாப்பைத் தாங்காது. பெரிய மோட் விரியும் நடுவில் கரண்ட் போய்விட்டால், அந்த மோடின் ஃபோல்டரை முழுக்க அழித்துவிட்டு ஜிப்பிலிருந்து மறுபடி போடுங்கள். பாதி எழுதிய பிஎஸ்ஏ (மோடின் கோப்புகளை ஒன்றாகக் கட்டிய) கோப்பு வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் தெரியும்.

மாற்றி முடித்ததும் உங்கள் சேவை உடனே திறக்காதீர்கள். மெயின் மெனுவில் கன்சோலைத் (கட்டளை அடிக்கும் இடம்) திறந்து "சிஓசி ரிவர்வுட்" (coc riverwood) அடித்து, நேரே அந்த ஊருக்குப் போய், பத்து நிமிடம் சுற்றிப் பாருங்கள். அதைச் சேவ் செய்ய வேண்டாம். மெனு வருவதற்கு முன்பே கேம் நின்றுவிட்டால் பெரும்பாலும் மோட் நம்பியிருக்கும் மாஸ்டர் கோப்பு இல்லை, அல்லது டிஎல்எல் பொருந்தவில்லை.