உப்புக் கரைசல்கள் எல்லாம் நடுநிலையானவை அல்ல

“அமிலமும் காரமும் சேர்ந்தே உப்பு உண்டாகிறது, ஆகவே எந்த உப்பைக் கரைத்தாலும் நீரின் பிஎச் (அமில, காரத்தன்மையைக் காட்டும் அளவு) நடுநிலையைக் குறிக்கும் 7தான்” என்று எழுதப்படுவது சமையல் உப்புக்குப் பொருந்துமே தவிர, எல்லா உப்புகளுக்கும் பொருந்தாது. மாணவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் திருத்துவது அவசியம். சமையல் உப்பான சோடியம் குளோரைடு வலிமைமிகு அமிலமும் வலிமைமிகு காரமும் வினைபுரிந்து உண்டாவது. அதன் அயனிகள் (மின்னூட்டம் கொண்ட துகள்கள்) நீருடன் குறிப்பிடத்தக்க வினை எதிலும் ஈடுபடுவதில்லை. சலவைச் சோடாவின் (சோடியம் கார்பனேட்) கதை வேறு. அதிலுள்ள கார்பனேட் அயனி நீர் மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பறித்துக்கொள்வதால் ஹைட்ராக்சைடு அயனிகள் மிகுந்து, லிட்டருக்கு 0.1 மோல் செறிவுள்ள கரைசலின் பிஎச் ஏறத்தாழ 11.6 வரை உயர்கிறது. விரலில் பட்டால் வழுவழுப்பாக இருக்கும், காரத்தன்மைக்கு அடையாளமாகச் சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாக மாறும். படிகாரம் இதற்கு நேர்மாறானது: அதன் அலுமினியம் அயனியைச் சூழ்ந்திருக்கும் ஆறு நீர் மூலக்கூறுகளில் ஒன்று ஹைட்ரஜன் அயனியை எளிதில் இழந்துவிடுவதால், அந்தக் கரைசலில் நீல லிட்மஸ் தாள் சிவக்கிறது. நவச்சாரக் (அம்மோனியம் குளோரைடு) கரைசலும் அமிலத்தன்மை கொண்டதே. இன்னொன்று: நடுநிலைக்கு 7 என்ற அளவேகூட 25 டிகிரி செல்சியஸுக்கு உரியது, 100 டிகிரியில் தூய நீரின் பிஎச் ஏறத்தாழ 6.1 ஆக இருந்தாலும், ஹைட்ரஜன் அயனிகளும் ஹைட்ராக்சைடு அயனிகளும் சம அளவில் இருப்பதால் அது நடுநிலையிலேயே இருக்கிறது.