'மேடம், நீங்க ஓட்டுற விதம் அப்படி'

வண்டிக்கு வயது 14 மாதம். ஓடியிருப்பது 19,000 கிலோமீட்டர். நெரிசலில் ஊர்ந்து போகும்போது, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறுகிற இடத்தில் ஒரு நடுக்கம். பின்சீட்டில் யாரோ உட்கார்ந்து நம் சீட்டைப் பிடித்து உலுக்குகிற மாதிரி. முதல் வாரம் சாலை சரியில்லை என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் டயரில் காற்று பார்த்தேன். மூன்றாவது வாரம் ஒரு பாலத்து ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது, மிதிக்க மிதிக்க எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. பின்னாலிருந்து ஹாரன். திரையில் மஞ்சளாக ஒரு எச்சரிக்கை: கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, ஓரமாக நிறுத்தவும்.

சர்வீஸ் சென்டரில் அட்வைசர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், நீங்க பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறீங்க. நீங்க ஓட்டுற விதம் அப்படி. கொஞ்சம் மாத்திக்கிட்டா சரியாயிடும்." நான் வண்டி ஓட்டத் தொடங்கி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. சரி, பரிசோதனைக்காக அடுத்த முறை தம்பியை அனுப்பினேன். அவனிடம், "சார், இது இந்த கியர்பாக்ஸோட கேரக்டர். எல்லா வண்டியும் இப்படித்தான் இருக்கும்" என்றார்களாம். நான் ஓட்டினால் குறை என் காலில். அவன் ஓட்டினால் அது வண்டியின் சுபாவம். இரண்டு வருகைக்கும் ஜாப் கார்டில், அதாவது நம் புகாரையும் செய்த வேலையையும் அவர்கள் பதிகிற சீட்டில், ஒரே வரி: 'ஜெனரல் செக்கப். ஓகே.'

கியர்பாக்ஸ் கெட்டதை மன்னித்துவிடுவேன், இரும்பு என்றால் தேயும். அந்த வரியை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமான பதிவு. எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்ன நொடியே அந்த பிராண்டின் ரசிகர்களும் எதிரிகளும் வந்து அடித்துக்கொள்வார்கள், விஷயம் காணாமல் போகும்.

என் வண்டியில் இருப்பது உலர் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். எஞ்சினையும் கியரையும் சேர்த்தும் பிரித்தும் விடுவதுதான் கிளட்ச். இதில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. மேனுவல் வண்டியில் நாம் காலால் செய்கிற வேலையை ஒரு கம்ப்யூட்டரும் அதன் கையாட்களும் செய்கின்றன. திறந்த சாலையில் இதைப்போல வெண்ணெயாக மாறுகிற கியர் கிடையாது, அதை மறுக்க மாட்டேன். சிக்கல் ஊர்வதில்தான். மணிக்கு ஐந்து கிலோமீட்டரில் நகர வேண்டுமென்றால் கிளட்ச் முழுதாகப் பிடிக்கவும் முடியாது, முழுதாக விடவும் முடியாது. பாதியில் உரசிக்கொண்டே இருக்கும். மேனுவல் வண்டியில் ஹாஃப் கிளட்சில் கால் வைத்தே ஓட்டாதே என்று திட்டுவார்களே, அதே காரியத்தை இங்கே வண்டியே செய்கிறது. எண்ணெய்க் குளியலில் இருக்கும் ஈரக் கிளட்ச் என்றால் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொண்டு போகும். உலர் கிளட்சுக்குக் காற்றுதான் கதி. கிளட்ச் முகம் பளபளத்து, பிடிப்பு சீரில்லாமல் போய், நடுங்க ஆரம்பிக்கிறது. இந்த ஏற்பாடு முதலில் சிறிய, எடை குறைந்த கார்களுக்குப் பொருத்தமாகத்தான் வந்தது. பிறகு எல்லோருக்கும் உயரமான வண்டி வேண்டும் என்று ஆனபோது, உடம்பு மட்டும் ஒன்றரை டன்னாகப் பெருத்துவிட்டது.

ஆக, நெரிசலில் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பது 'என் விதம்' இல்லை. நெரிசலில் வேறு எப்படி ஓட்டுவார்கள்?

நான் மட்டும் கேட்ட வசனம் இல்லை இது என்பதை அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு நிறுவனம் பவர்ஷிஃப்ட் என்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸோடு ஏறக்குறைய 70,000 வண்டிகள் விற்றது. ஃபியஸ்டா, ஃபோகஸ், கூடவே ஈகோஸ்போர்ட் எஸ்.யூ.வி.யும். அவற்றில் பாதி வண்டிகள் குறைந்தது ஒரு முறையாவது அந்த கியர்பாக்ஸுக்காகவே பழுதுபார்க்கப்பட்டன. நடுங்குகிறது என்று வந்தவர்களிடம் சொல்லப்பட்டது என்ன தெரியுமா? நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம். 2018 ஏப்ரலில் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அபராதம் கியர்பாக்ஸ் கெட்டதற்காக இல்லை என்பதைக் கவனியுங்கள். புகார் சொன்னவர்களை நடத்திய முறைக்காக. இதைப் படித்த அன்று இரவு அந்த அட்வைசரின் குரல் என் காதில் வேறு மாதிரி ஒலித்தது. பாவம், அந்தப் பையன் அதைச் சொந்தமாக யோசித்துச் சொல்லியிருக்க மாட்டான்.

காத்திருக்கும் அறையில் ஒரு பெரியவர் பழக்கமானார். அவருடையது எஞ்சின் கேஸ். பெட்ரோல் டர்போ, 22,000 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் போகும்போது கீழேயிருந்து டக் டக் டக் என்று ஒரு சத்தம், வேகம் கூட்டினால் சத்தமும் கூடியதாம். பத்து நிமிடத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. டோ வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார். முதல் கேள்வியே, "ஆயில் மாத்தின பில் இருக்கா சார்?" எல்லா பில்லும் அவரிடம் இருந்தது, தேதி வாரியாக, பிளாஸ்டிக் உறையில். எல்லாம் அதே சர்வீஸ் சென்டர் கொடுத்த பில்கள்! அப்புறம் கேள்வி மாறியது. "எங்க பெட்ரோல் போட்டீங்க?"

அவர் சொன்ன அந்த டக் டக் சத்தம் பெரும்பாலும் கனெக்டிங் ராடின் பேரிங்கிலிருந்து வருவது. பிஸ்டனை, சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கிற தண்டுதான் அந்த ராடு. கிராங்க்குக்கும் பேரிங்குக்கும் நடுவே முடியைவிட மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலம்தான் இருக்கிறது. அந்தப் படலம் இருக்கும்வரை உலோகத்தை உலோகம் தொடாது. தொழிற்சாலையில் கடைந்தபோது மிஞ்சிய ஒரு பொடித்துகள் எண்ணெய் ஓடும் வழியில் சிக்கினால் போதும், படலம் அறுந்துவிடும். ஓட்டுநர் எவ்வளவு ஒழுக்கமாக ஆயில் மாற்றினாலும் பிறப்பிலேயே உள்ளே போன துகளை என்ன செய்ய முடியும்?

2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 6.2 லிட்டர் வி8 எஞ்சின் வண்டிகளை உலகம் முழுக்கச் சுமார் 7,21,000 திரும்ப அழைத்தது. எஸ்கலேட், யூகான், டாஹோ போன்ற பெரிய எஸ்.யூ.வி.கள், பிக்கப்கள். காரணம் கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு, பேரிங் கோளாறு. அமெரிக்காவில் மட்டும் இது தொடர்பாக இருக்கலாம் என்று நிறுவனமே கணக்குக் காட்டிய புகார்களும் சம்பவங்களும் 28,102. அதற்கு முன் மூன்று முறை நிறுவனம் உள்ளுக்குள் ஆராய்ந்து கோப்பை மூடியிருக்கிறது. கடைசியில் கொடுத்த தீர்வு எனக்கு ரொம்ப சுவாரசியமாகப் பட்டது: சோதனையில் தேறாத வண்டிக்கு எஞ்சின் பழுது அல்லது புது எஞ்சின். தேறிய வண்டிக்கு 0டபிள்யூ-20க்குப் பதில் இன்னும் கெட்டியான 0டபிள்யூ-40 ஆயில், புது ஃபில்டர், ஆயில் ஊற்றும் இடத்துக்குப் புது மூடி. அந்த மூடியில் பழைய ஆயிலின் எண் அச்சடித்திருக்கிறதே, அதனால். மைலேஜ் விதிகளுக்காகத் தண்ணீர் மாதிரி மெலிந்துகொண்டே போன ஆயில், ஒரு மூடியை மாற்றிக்கொண்டு மறுபடி கெட்டியானது.

இங்கே இன்னொரு எண்ணும் முக்கியம். அந்த வண்டிகளில் குறை இருக்கக்கூடியது ஏறத்தாழ 3 சதவீதம் என்பதுதான் நிறுவனத்தின் மதிப்பீடு. அதாவது நூறில் தொண்ணூற்றேழு பேர், "என் வண்டி 60,000 ஓடிருச்சு, ஒரு குறையும் இல்ல, உங்களுக்கு ஓட்டத் தெரியல" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம். சொல்வது உண்மையும்கூட. ஆனால் அந்த உண்மையால் மீதி மூன்று பேரின் எஞ்சின் ஓடிவிடாது. பிராண்ட் ரசிகர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் நல்லது.

நம் பக்கமும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். சென்சார் ஒன்று போனதற்கு 'எஞ்சின் காலி' என்று எழுதுகிறோம். இரண்டு ஆயில் சர்வீஸைத் தாண்டிவிட்டு டர்போ சரியில்லை என்கிறோம். குளிரில் தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்துகிற வண்டியில், எஞ்சின் சூடேறுவதற்குள் பெட்ரோல் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில், அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியில், அளவு குறைவதற்குப் பதில் ஏறும், முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கும். இதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆனால் டிப்ஸ்டிக்கையே எடுத்துவிட்டு எல்லாவற்றையும் திரையில் காட்டுகிற வண்டிகளும் இருக்கின்றன. வாடையைத் திரை எப்படிக் காட்டும்?

'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாத கியர் ஆயில்' என்பது இன்னொரு அழகான வாக்கியம். யார் ஆயுள்? பல நிறுவனங்கள் பயன்படுத்தும் 8 கியர் ஆட்டோமேட்டிக்கைச் செய்கிற இசட்.எஃப். நிறுவனம், 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருடத்துக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. அதே கியர்பாக்ஸை வாங்கித் தன் காரில் மாட்டுகிறவர்களில் சிலர் மாற்றவே வேண்டாம் என்கிறார்கள். செய்தவன் ஒன்று சொல்கிறான், விற்றவன் வேறொன்று சொல்கிறான். நான் செய்தவனை நம்புகிறேன்.

மூன்றாவது வருகையில் எனக்குக் கிடைத்தது சாஃப்ட்வேர் அப்டேட். ஒரு மாதம் நன்றாக இருந்தது. கிளட்ச் பிடிக்கும் அழுத்தத்தையும் நேரத்தையும் மாற்றினால் நடுக்கம் சில நாள் தெரியாமல் போகும், தேய்ந்தது தேய்ந்ததுதான். பேரிங் தேய்ந்து எஞ்சின் நின்றுபோன ஹூண்டாயின் தீட்டா 2 எஞ்சின் விவகாரத்தில் வந்த அப்டேட் இதைவிட நேர்மையானது. பேரிங் தேயும் அதிர்வைக் கேட்டுவிட்டால் வண்டியின் வேகத்தைக் குறைத்து, வீட்டுக்குப் போ என்று எச்சரிக்கும். அதுவும் தேய்மானத்தை நிறுத்தாது, உங்கள் உயிரைக் காக்கும், அவ்வளவுதான். அந்த விவகாரம் பெரிதானதற்கு ஒரு முக்கியக் காரணம், கிம் குவாங்-ஹோ என்ற அந்த நிறுவனத்துப் பொறியாளரே 2016ல் நிறுவனத்தின் உள் காகிதங்களோடு அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் போனது. வேலை போனது. 2021ல் அந்த அமைப்பு அவருக்கு 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் வெகுமதி கொடுத்தது. அவர் போனது காகிதத்தோடு என்பதுதான் எனக்கு உறைத்தது.

நம்மிடம் இருக்கும் ஒரே காகிதம் ஜாப் கார்டு. அதில் 'ஜெனரல் செக்கப்' என்று எழுதிவிட்டால் நடுக்கம் என்ற ஒன்று உலகத்தில் நடக்கவே இல்லை. வாரண்டி முடிந்த மறுநாள் கியர்பாக்ஸ் போனால், "இதுக்கு முன்னாடி கம்ப்ளெயின்ட்டே இல்லையே" என்பார்கள். கம்ப்யூட்டரில் பார்த்தால் அது சரியாகவும் இருக்கும். திரும்ப அழைக்கலாமா வேண்டாமா என்று எங்கோ உட்கார்ந்து ஒருவர் எண்ணும்போது, நம் வண்டி 'ஓகே' வண்டிகளின் பக்கம் நிற்கும்.

அதனால் நாலாவது தடவை போகும்போது கொஞ்சம் பிடிவாதக்காரியாகப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் செல்போனை மாட்டி, நடுக்கத்தோடு மூன்று வீடியோ. எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர், வண்டி கிளம்பி எத்தனை நிமிடம், ஏற்றமா சமதளமா, எல்லாம் ஒரு நோட்டில். அட்வைசர் டைப் அடிக்க ஆரம்பித்ததும், "நான் சொல்றதை அப்படியே அடிங்க தம்பி" என்றேன். 'கிளம்பி 20 நிமிடத்துக்குப் பிறகு, 5 முதல் 10 கிலோமீட்டர் வேகத்தில், 1லிருந்து 2க்கு மாறும்போது நடுக்கம். ஏற்றத்தில் இருமுறை சூட்டு எச்சரிக்கை. இதே புகாருக்கு நாலாவது வருகை.' அவர் சிரித்தார், "இவ்ளோ எழுத இடம் இல்ல மேடம்." இடம் இருந்தது. வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான எரர் கோடுகளை அழிப்பதற்கு முன் ஸ்கேனர் அறிக்கையின் அச்சு வேண்டும் என்றும் கேட்டேன். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். முதல் தடவையாக ஒரு டெக்னீஷியன் வெளியே வந்து, சாவியை என்னிடமே கொடுத்து, "நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்கார்றேன்" என்றார்.

பதினெட்டாவது நிமிடம் வண்டி நடுங்கியது. அவர் டாஷ்போர்டில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "கிளட்ச் பேக் போயிருக்கும்க்கா" என்றார்.

பெரியவருக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆயில் சாம்பிள் எடுத்து அனுப்பியிருக்கிறார்களாம். அதே சாம்பிளில் பாதியைத் தனக்கும் ஒரு பாட்டிலில் எடுத்து, சீல் வைத்துத் தரச் சொல்லி அவரும் வாங்கி வைத்திருக்கிறார். என் வண்டி ஆறு நாளாக லிஃப்ட்டில் நிற்கிறது. இந்த ஜாப் கார்டில் நாலு வரி இருக்கிறது, போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.