முருங்கைக்காய் ஏற்றும் ஸ்விஃப்ட் ஸ்போர்ட்

கார் வந்து இறங்கிய அன்றே சிநேகிதன் ஒருவன் சொன்னான்: "மச்சான், உறை போட்டு மூடி வை. அஞ்சு வருசம் கழிச்சு வித்தியெண்டா ரெண்டு மடங்கு வரும்." மூடி வைக்கவில்லை. ஏழு மாதத்தில் 9,000 கிலோமீற்றர் ஓடியாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் இருந்து வேலணைத் தீவுக்கு வேலைக்குப் போவதும் அதில்தான், வரும் வழியில் மீன் வாங்குவதும் அதில்தான்.

சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், ஃபைனல் எடிஷன். ஜப்பானில் 2017 இல் வந்த மொடல். சாதாரண ஸ்விஃப்ட் புது உருவத்துக்கு மாறிய பிறகும் ஸ்போர்ட் மட்டும் பழைய உடம்போடு தொடர்ந்தது. அதை நிறுத்தப் போகிறோம் என்று சொல்லி, 2025 மார்ச்சில் இருந்து நவம்பர் வரை மட்டும் செய்த கடைசித் தொகுதிதான் இது. கறுப்பு ரிம், இரண்டு கதவுக்கும் நடுவில் ஒரு ஸ்ரிக்கர். தெருவில் போகிறவருக்கு இதில் வித்தியாசம் எதுவும் தெரியாது. "இது ஆர்எஸ் தானே தம்பி?" என்று, சாதாரண ஸ்விஃப்டின் ஒரு வகையைச் சொல்லிக் கேட்பார்கள். ஓம் என்றுவிடுவேன். மினக்கெட்டு விளங்கப்படுத்தி என்ன காணப்போகிறேன்?

சிநேகிதனிலும் பிழை சொல்ல முடியாது. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஓடித் தேய்ந்த கார்கூட வாங்கிய விலையைவிடக் கூடப் போனது. அதைக் கண்ட சனத்துக்குக் கார் என்றால் நகை மாதிரி. பெட்டிக்குள் வைத்துப் பூட்டவேண்டிய சாமான். எனக்கு அதுதான் பிடிபடவில்லை. பதினொரு வருஷம் கட்டாரில் உழைத்த காசு. விடிய எழும்பி உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மூடவா அவ்வளவும்?

எங்கள் அப்பாவிடம் ஒரு ஒஸ்ரின் ஏ40 இருந்தது. 90களின் தொடக்கத்தில், பொருளாதாரத் தடைக் காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடிய கார். சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார். கார்பரேற்றருக்குள் நாலு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, இஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். பின்னால் ஒரு கரும்புகை. ஒழுங்கை முழுக்கக் குப்பி விளக்கு மணம். கலியாண வீட்டுக்கும் ஆசுபத்திரிக்கும் வெங்காய மூட்டைக்கும் அந்த ஒரு கார்தான். வெளியூர்க்காரர் வந்து யாழ்ப்பாணம் பழைய கார்களின் அருங்காட்சியகம் என்று வியப்பார்கள். மூடி வைத்ததாலா அந்தக் கார்கள் தப்பின? ஒவ்வொரு நாளும் ஓடினதால் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் குனிந்து திருத்தினார்.

அந்த ஏ40 இஞ்சின் 1,200 சிசி, நாற்பது சொச்சம் குதிரைவலு. என்னுடையது 1,371 சிசி, 140 குதிரைவலு. சிசியில் பெரிய வித்தியாசம் இல்லை, வலுவில் நூறு குதிரை கூட. அது டர்போவின் வேலை. வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சில்லு சுற்றி, உள்ளே கூடுதலாகக் காற்றைத் திணிக்கிறது.

"உந்த ரோட்டில ஸ்போர்ட் கார் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது. ஊருக்குள் 50, வெளியே 70 தான் சட்டம். வடக்கில் அதிவேகப் பாதையும் இல்லை. ஆனால் இந்தக் காரின் முழு இழுவையும், 230 நியூட்டன் மீட்டர், இஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றுச் சுற்றும்போதே வந்துவிடும். கார் 970 கிலோதான். பண்ணைப் பாலத்தில் விடியற்காலையில், இரண்டு பக்கமும் கடல், முன்னால் ஒரு லான்ட்மாஸ்டர், இரண்டு சில்லு உழவு மெசின், பெட்டியை இழுத்துக்கொண்டு ஆடி ஆடிப் போகிறது. இரண்டாம் கியர் போட்டு வெட்டி எடுத்து, மூன்றுக்கு மாற்றும்போதுகூட 60ஐத் தாண்டத் தேவையில்லை. அந்த மூன்று செக்கனுக்காகத்தான் வாங்கினேன். 200 இல் ஓட எனக்கு ஆசையும் இல்லை, துணிவும் இல்லை.

சரி, கஷ்டத்தையும் சொல்லவேண்டும். நிலத்துக்கும் காருக்கும் இடையில் 12 சென்ரிமீற்றர். எங்கள் ஒழுங்கையில் யாரோ ஊற்றிய சீமெந்து வேகத்தடை ஒன்று இருக்கிறது. நாலு பேர் ஏறினால் ஒருவரை அதுக்கு முன்னால் இறக்கி நடக்கவிட வேண்டும். பெற்றோல் 95 தான் அடிக்கிறேன். தீவுப் பக்கம் அது கிடைக்கும் என்று நம்பிப் போவதில்லை. கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் சுண்ணாம்பு கறுப்பு ரிம்மில் வெள்ளை வெள்ளையாகப் பிடிக்கும். ஈரம் காயமுன் துடைக்காவிட்டால் பொட்டுப் பொட்டாகக் கிடக்கும்.

எல்லாவற்றையும் விட ரயர். 195/45, 17 அங்குலம். ரப்பர் விளிம்பு கிட்டத்தட்ட நாலு விரல் அகலம்தான். குழாய் தாட்டுவிட்டு மூடாமல் போன பள்ளம் ஒன்றில் இரண்டாம் மாதமே விழுந்தேன். பக்கத்தில் கோழிமுட்டை அளவு வீக்கம். மேலதிகச் சில்லு இந்தக் காரில் இல்லை. டிக்கிக்குள் ஒரு பசைப் போத்தலும் காற்றடிக்கிற சின்ன மெசினும் தந்திருக்கிறார்கள். ஆணி குத்தினால் அது போதும், வீங்கின ரயருக்கு அதை வைத்துக்கொண்டு கும்பிடத்தான் முடியும். ஊரில் அந்த அளவு கிடைக்கவில்லை. கொழும்பில் சொல்லி இரவு பஸ்ஸில் போட்டுவிட, விடிய ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் போய், ரயரைத் தோளில் மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு வந்தேன். அன்றைக்கு மட்டும் சிநேகிதன் சொன்ன உறை ஞாபகத்துக்கு வந்தது, பொய் சொல்லவில்லை.

அம்மாவுக்கு இந்தக் காரைப் பிடிக்காது. சீற்றின் இரண்டு பக்கமும் உயர்ந்து இறுக்கிப் பிடிக்கும். "கிணத்துக்குள்ள இறங்கிற மாதிரியடா" என்பார். ஏறுவதற்கு ஒரு முருகா, இறங்குவதற்கு இரண்டு முருகா. ஆனால் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு ஓட்டோ பிடித்துத் தருகிறேன் என்றால் வேண்டாமாம், இதில்தான் வருவாராம். நாளைக்கும் போகவேண்டும். முருங்கைக்காய்க் கட்டு டிக்கிக்குள் நீட்டுக்குப் படுக்காது. பின் சீற்றை இப்போதே மடித்து வைத்துவிட்டேன்.