காலைத் தொட்டுப் பார்க்க ஒரு நிமிஷம் கிடையாதா?

முதுகுவலிக்கு வைத்தியம் பார்க்கிற இடங்களில் காத்திருப்போருக்குப் போட்டிருக்கும் இருக்கைகளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று விசாரித்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும். ஒன்று, உட்கார்ந்ததும் உள்ளே அமுங்கிப் போகிற சோபா. இல்லையென்றால் பின்பக்கம் சரிந்த இரும்பு நாற்காலி வரிசை. டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற மெத்தை மாதிரியான தட்டு) பிதுங்கி, நரம்பு வேர் நெருக்கப்பட்டு, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்குகிற சியாட்டிகா வலி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நடப்பதைவிட, நிற்பதைவிட, உட்கார்வதுதான் நரகம். முட்டி இடுப்புக்கு மேலே ஏறி, கீழ்முதுகு கூன் போட்டால் டிஸ்க்குக்குள் அழுத்தம் கூடுகிறது. பிதுங்கின பகுதி நரம்பு வேரை இன்னும் நெருக்குகிறது. சரி, நின்றுகொள்ளலாம் என்று எழுந்தால், "உட்காருங்க சார், கூப்பிடுவாங்க" என்று ஓர் அதட்டல். ஒரு மணி நேரம் இடுப்பிலிருந்து பாதம்வரை சுரீர் சுரீரென்று இழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே போனால், அங்கே மூன்றே நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

அந்த மூன்று நிமிஷம்தான் வயிற்றெரிச்சல். டாக்டர் எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். "எல்4-எல்5ல டிஸ்க் விலகியிருக்கு. மாத்திரை எழுதுறேன், ரெஸ்ட் எடுங்க, பெல்ட் போடுங்க." அவ்வளவுதான். (எல்4, எல்5 என்பவை கீழ்முதுகு எலும்புகளின் எண்கள்.) செருப்பைக் கழற்றச் சொல்வது கிடையாது. எந்தப் பக்கம் வலி என்றுகூடச் சிலர் கேட்பதில்லை. படத்தில்தான் இருக்கிறதே!

இத்தனைக்கும் காலைத் தொட்டுப் பார்க்கிற பரிசோதனைக்கு மெஷின் எதுவும் வேண்டாம். மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடக்கவிடாமல், குதிகாலைப் பிடித்துக் காலை மெதுவாகத் தூக்க வேண்டும். 30 டிகிரிக்கும் 70 டிகிரிக்கும் நடுவில் எங்கேயாவது, முட்டியைத் தாண்டிக் கீழே வலி இறங்கினால் நரம்பு வேர் மாட்டியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். தொடைக்குப் பின்னால் மட்டும் இழுத்துப் பிடித்தால் அது தசை இறுக்கமாக இருக்கலாம், அதையும் இதையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது. வலியே இல்லாத காலைத் தூக்கும்போது வலிக்கிற காலில் சுரீரென்றால் டிஸ்க் பிதுங்கலாக இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

அடுத்தது பெருவிரல். இரண்டு கால் பெருவிரல்களையும் முகத்தை நோக்கி மடக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, டாக்டர் தன் விரலால் இரண்டையும் ஒரே நேரத்தில் கீழே அழுத்த வேண்டும். ஒன்று அசையாமல் நிற்க, இன்னொன்று பொசுக்கென்று மடங்கினால் கோளாறு எல்5 வேரில் (எல்4, எல்5, எஸ்1 எல்லாம் கீழ்முதுகிலிருந்து காலுக்கு வருகிற நரம்பு வேர்களின் பெயர்கள்). அதே ஆளைக் குதிகாலால் நாலடி நடக்கச் சொன்னால் அந்தப் பக்கத்துப் பாதம் தூக்கி நிற்காமல் தரையில் தட்டும். சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பத்துத் தடவை குதிகாலை எம்பிக் காட்டச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் பாதியிலேயே துவண்டால் எஸ்1. கணுக்காலுக்குப் பின்னால் சுத்தியலால் தட்டும்போது ஒரு பாதம் மட்டும் துள்ளாமல் கிடந்தாலும் எஸ்1தான். முட்டித் துள்ளல் குறைந்தால் எல்4. மரத்துப்போவதிலும் கணக்கு உண்டு: சுண்டுவிரல் ஓரம் எஸ்1, பாதத்தின் மேல்புறமும் பெருவிரலும் எல்5, கணுக்காலின் உள்பக்கம் எல்4. சோம்பேறித்தனமாகச் செய்தாலும் எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷம் ஆகாது.

ஏன் இதற்கு இவ்வளவு கத்த வேண்டியிருக்கிறது? அவசரமா, காத்திருக்கலாமா என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது தசையின் பலம்தான். வலி எவ்வளவு கொடூரமாக இருந்தாலும் காத்திருக்க முடியும். நாளுக்கு நாள் பலம் குறைகிற பாதம் காத்திருக்காது. பலத்தை 0 முதல் 5 வரை எண் போட்டு எழுதுவது உலகம் முழுக்க இருக்கிற வழக்கம். முதல் நாளே "வலது பெருவிரல் 4" என்று சீட்டில் எழுதியிருந்தால்தான், இரண்டு வாரம் கழித்து அது 3 ஆகிவிட்டது என்று இன்னொரு டாக்டருக்குப் புரியும். ஒன்றும் எழுதாமல் அனுப்பிவிட்டு, அடுத்த தடவை "எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்று நோயாளியையே கேட்டால் அவர் என்ன சொல்லுவார்?

எம்.ஆர்.ஐ.யைக் குறை சொல்லவில்லை. அது அருமையான கருவி, ஆனால் அதில் தெரிகிறதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது. 1994-இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அதில் 52 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஓர் இடத்திலாவது டிஸ்க் உப்பியிருந்தது. 27 சதவீதம் பேருக்குப் பிதுங்கியே இருந்தது. 2015-இல் இப்படிப்பட்ட ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது, வலி இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். 80 வயதில் 96 சதவீதம். அப்படியென்றால் ரிப்போர்ட்டில் "தேய்மானம்" என்று இருப்பதைப் படித்துவிட்டு ஒருவர் மாடிப்படி ஏறுவதையே விட்டுவிடுவது எவ்வளவு அநியாயம்! வலது கால் வலிக்கிறது, படத்தில் பிதுங்கியிருப்பது இடது பக்கம். இருந்தும் அந்தப் பிதுங்கலுக்கே வைத்தியம் நடக்கும். காலைத் தொட்டுப் பார்த்திருந்தால் இந்தக் கூத்து வராது.

இன்னொன்றையும் அந்த நேரத்தில் யாரும் சொல்வதில்லை. பிதுங்கின டிஸ்க் அப்படியே நின்றுவிடுவதில்லை, நிறையப் பேருக்கு உடம்பே அதைக் கரைத்துச் சுருக்கிவிடுகிறது. அதிலும் பெரிதாக வெளியே வந்து, துண்டாகவே பிரிந்துபோனவைதான், வெறுமனே உப்பினவற்றைவிட நன்றாகக் கரைகின்றன. படத்தில் பயங்கரமாகத் தெரிவதற்குச் சில சமயம் நல்ல எதிர்காலம் இருக்கும். "இனிமே குனியவே கூடாது, வாழ்நாள் முழுக்க இப்படித்தான்" என்று ஒருவரைக் கலங்கடித்து அனுப்புகிறவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

மாத்திரைச் சீட்டுக்கு வருவோம். பெயர் வேறாக இருந்தாலும் ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு வலி மாத்திரைகள் இரண்டு டாக்டர்களின் சீட்டில் வரும். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் வலி பாதியாகாது, வயிற்றுப் புண்ணும் சிறுநீரகத் தொல்லையும்தான் கூடும். டைக்ளோஃபினாக், ஏசிக்ளோஃபினாக், நாப்ராக்சன், ஐபுப்ரோஃபென் எல்லாம் ஒரே குடும்பம், ஒரு நேரத்தில் ஒன்றுதான். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ ரத்தத்தை இளக்கும் மாத்திரையோ இருந்தால் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கேட்பார்கள் என்று காத்திருக்கக் கூடாது. அப்புறம் எல்லாச் சீட்டிலும் தவறாமல் வரும் ப்ரீகாபலின் என்கிற நரம்புவலி மாத்திரை. ஆஸ்திரேலியாவில் சியாட்டிகா உள்ள 209 பேருக்கு, பாதிப் பேருக்கு ப்ரீகாபலினும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். கால்வலியில் வித்தியாசம் இல்லை. தலைசுற்றல் மட்டும் ப்ரீகாபலின் எடுத்தவர்களுக்கு அதிகம். பிரிட்டனில் டாக்டர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டுதல் எழுதுகிற நைஸ் அமைப்பு 2020-இல் தன் வழிகாட்டுதலைத் திருத்தி, சியாட்டிகாவுக்குக் கபாபென்டின், ப்ரீகாபலின், ஸ்டீராய்டு மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள் என்றே எழுதிவிட்டது. அதற்குப் பிறகும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எழுதுகிறவர்கள், நிறுத்தும்போது படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்பதையாவது சொல்லலாம். படித்துவிட்டு ஆத்திரத்தில் இன்றே தூக்கிப் போட்டுவிடாதீர்கள்; தூக்கம் கெட்டு, வேர்த்து, படபடப்பு வரும்.

ட்ராமடால் என்கிற வீரியமான வலி மாத்திரை கொடுப்பார்கள், மலச்சிக்கல் வரும் என்று சொல்ல மாட்டார்கள். மூன்றாம் நாள் கழிவறையில் முக்கும்போதுதான் அது தெரியும். முக்கினால் தும்மினமாதிரிதான், உள் அழுத்தம் ஏறி வலி காலுக்குப் பாயும். மாத்திரை தொடங்குகிற அன்றே மலமிளக்கியையும் கேட்டு வாங்க வேண்டும். கழிவறையில் முன்னால் சரிந்து கூன் போடாமல், முதுகை நிமிர்த்தி, இடுப்பிலிருந்து மட்டும் சாய்வது கொஞ்சம் உதவும்.

பிசியோதெரபிக்குப் போனால் விடிவு வரும் என்று நினைப்போம். நல்ல பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் உண்மையிலேயே வரும். ஆனால் பல இடங்களில் நடப்பது என்ன? குப்புறப் படுக்கவைத்து இடுப்பில் கரண்ட் வைத்துவிட்டு, திரையை இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பதினைந்து நிமிஷம் கழித்து மணி அடிக்கும். அப்புறம் அல்ட்ராசவுண்ட், அப்புறம் இடுப்பை இழுக்கிற ட்ராக்‌ஷன். இந்த மூன்றையுமே வேண்டாம் என்று அதே நைஸ் வழிகாட்டுதல் சொல்கிறது, பெல்ட்டையும் சேர்த்து. கடைசியில் நகலெடுத்த ஒரு தாள். எல்லோருக்கும் ஒரே தாள்: முட்டியை நெஞ்சோடு கட்டிப்பிடி, குனிந்து கால்விரலைத் தொடு, படுத்து எழுந்து உட்கார். புதிதாக டிஸ்க் பிதுங்கினவருக்கு இந்த மூன்றும் முன்னால் மடங்குகிற அசைவுகள். பலருக்கு எரிகிற தீயில் எண்ணெய்தான். முட்டியை நீட்டிக் குனியும்போது ஏற்கெனவே மாட்டியிருக்கிற நரம்பை மேலும் கீழும் பிடித்து இழுக்கிறோம். பின்தொடை இறுக்கம் என்று நினைத்துத் தினமும் இழுத்து இழுத்து நரம்பை உசுப்பிவிடுகிறவர்கள் ஏராளம்.

எந்த அசைவு யாருக்கு என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. குப்புறப் படுத்து இரண்டு மூன்று நிமிஷம் சும்மா இருப்பது. பிறகு முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்குவது. அதுவும் தாங்கினால் இடுப்பைத் தரையிலேயே விட்டுவிட்டு, உள்ளங்கையை ஊன்றி மேல் உடம்பை மட்டும் எழுப்பி இறக்குவது, பத்துத் தடவை. ஒவ்வொரு கட்டத்திலும் பார்க்க வேண்டியது ஒன்றே: வலி எங்கே நகர்கிறது? பாதத்திலிருந்து கெண்டைக்காலுக்கு, அங்கிருந்து பிட்டத்துக்கு, பிட்டத்திலிருந்து இடுப்பின் நடுவுக்கு என்று மேலே ஏறினால், இடுப்பில் வலி கொஞ்சம் கூடினாலும் நல்ல அறிகுறி, தொடரலாம். கீழே இறங்கினால் அந்த நொடியே நிறுத்த வேண்டும், அது அவருக்கான பயிற்சி கிடையாது. நரம்பை நழுவவிடும் பயிற்சிக்கும் இதே கண்டிப்பு: உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, முட்டியை நீட்டும்போது தலையை நிமிர்த்தி மேலே பார்க்க வேண்டும், முட்டியை மடக்கும்போது தலையைக் குனிய வேண்டும். பத்துத் தடவை, எங்கேயும் இழுத்து நிறுத்தாமல். நீட்டும்போதே தலையையும் குனிந்தால் இரண்டு முனையையும் பிடித்து இழுத்ததாகிவிடும். வயதானவருக்கு முதுகுத் தண்டுக் குழாய் குறுகியிருந்தால் கணக்கே தலைகீழ்: நடந்தால் வலி, குனிந்தாலோ உட்கார்ந்தாலோ நிம்மதி. அவருக்கு முதுகைப் பின்னால் வளைக்கச் சொன்னால் சாபம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஒரே தாளை இருவர் கையிலும் கொடுப்பவர்களை என்னவென்று சொல்ல?

ரெஸ்ட் விஷயமும் அப்படித்தான். நெதர்லாந்தில் சியாட்டிகா வந்த 183 பேரில் ஒரு பாதியை இரண்டு வாரம் படுக்கையில் போட்டு, மறுபாதியை வழக்கம்போல் நடமாடவிட்டுப் பார்த்து 1999-இல் எழுதினார்கள். படுத்துக் கிடந்ததால் ஒரு லாபமும் இல்லை. தாங்குகிற அளவு நடக்கலாம், அரை மணிக்கு ஒருமுறை நிலையை மாற்றலாம். காலையில் எழும்போது மட்டும் கவனம் வேண்டும். இரவெல்லாம் நீரை உறிஞ்சி டிஸ்க் விறைப்பாக இருக்கும், முதல் ஒரு மணி நேரம் குனிந்து எதையும் தூக்கக் கூடாது. படுக்கையிலிருந்து நேராக எழுந்து உட்காராமல், முட்டியை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே கையை ஊன்றி எழ வேண்டும். தும்மல் வருவது தெரிந்தால் நின்றபடி சுவரில் ஒரு கையை ஊன்றி, முட்டியை லேசாக மடக்கி, முதுகை நிமிர்த்திக்கொள்ள வேண்டும். இவற்றை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்?

ஆபரேஷன் என்றதும் ஒரு கூட்டம் "கால் போய்டும்" என்று பயமுறுத்தும், இன்னொரு கூட்டம் "நாளைக்கே அட்மிட் ஆகுங்க" என்னும். நெதர்லாந்தின் இன்னொரு ஆய்வு, 2007-இல் வெளிவந்தது: ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகக் கடும் சியாட்டிகாவோடு இருந்த 283 பேர். சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி வேகமாக விட்டது. ஒரு வருஷ முடிவில் இரண்டு பக்கமும் சுமார் 95 சதவீதம் பேர் தேறிவிட்டார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் நடுவில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், பாதியை மட்டும் சொல்லி யாரையும் ஒரு பக்கம் தள்ளக் கூடாது. டிஸ்க் ஆபரேஷன் முக்கியமாகத் தீர்ப்பது கால்வலியை. இடுப்புவலி மட்டும் இருப்பவர் அதை நம்பிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும்.

காத்திருக்கவே கூடாத ஒன்று உண்டு. அதைத்தான் யாரும் கேட்பதும் இல்லை, சொல்லி அனுப்புவதும் இல்லை, கூச்சமாம். மலம் கழித்துத் துடைக்கும்போது அந்த இடத்தில் தொடு உணர்ச்சி தெரிகிறதா? தொடையின் உள்பக்கமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்திருக்கிறதா? சிறுநீர் வர மறுக்கிறதா, அல்லது வருவதே தெரியாமல் போகிறதா? இரண்டு கால்களிலும் ஒன்றாக வலியோ பலவீனமோ வந்திருக்கிறதா? இதில் ஒன்று புதிதாக வந்தாலும், நள்ளிரவாக இருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போயாக வேண்டும். முதுகுத் தண்டின் அடியில் இருக்கிற நரம்புக் கொத்து மொத்தமாக நசுங்கினால் மணிக்கணக்கில்தான் நேரம் இருக்கிறது, ஆபரேஷன் தள்ளிப்போகப் போகச் சிறுநீரும் மலமும் நிரந்தரமாகக் கட்டுப்பாடு இழக்கலாம். அங்கேயும் ஒரு சண்டை காத்திருக்கும். சிறுநீர்ப்பை நிரம்பி வழிந்து சொட்டுவதைப் பார்த்து "யூரின் இன்ஃபெக்‌ஷன்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். சிறுநீர் போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் அளக்கச் சொல்லுங்கள். 200 மில்லிக்கு மேல் நின்றால் அன்றே எம்.ஆர்.ஐ. கேளுங்கள், எடுக்காமல் வீட்டுக்கு அனுப்ப விடாதீர்கள்.