மதுரைக்கு ஓர் அசையும் சிற்பம் வேண்டும்

மதுரையில் அடுத்ததாக ஒரு ரவுண்டானாவிலோ வைகைக் கரையிலோ ஏதாவது நிறுவப் போகிறார்கள் என்றால், அது காற்றில் அசைகிற சிற்பமாக இருக்கட்டும். மூன்று மாடி உயரத்துக்கு, சனங்கள் அதன் அடியில் புகுந்து நடக்கிற மாதிரி.

அலெக்சாண்டர் கால்டர் (1898–1976) என்ற அமெரிக்கச் சிற்பியின் வேலைகளைப் பல வருடங்களாகப் படங்களிலும் வீடியோக்களிலும் பார்த்து வருகிறேன். அவருடைய தாத்தா, அப்பா இருவருமே சிற்பிகள். இவர் படித்ததோ மெக்கானிக்கல் இன்ஜினியரிங். முதலில் மோட்டார் வைத்துச் சிற்பங்களை ஆட்டிப் பார்த்தார். அப்புறம் அந்த வேலையைக் காற்றிடமே விட்டுவிட்டார். ஒரு கம்பி, இரண்டு நுனியிலும் ஆளுக்கொரு தகடு. எந்த இடத்தில் தூக்கினால் சாயாமல் நிற்கிறதோ அங்கே ஒரு கொக்கி. அந்தக் கொக்கியை அடுத்த கம்பியின் ஒரு நுனியில் மாட்டி, மறு நுனியில் இன்னொரு தகடு. கீழிருந்து மேலே இப்படியே கட்டிக்கொண்டு போனால், கதவைத் திறக்கும்போது வருகிற காற்றுக்கே மொத்தமும் திரும்பத் தொடங்கும், ஒவ்வொரு தகடும் தன் போக்கில். 1955 ஜனவரியில் அகமதாபாத்துக்கு வந்து தங்கி, இங்கேயே சில சிற்பங்களையும் செய்திருக்கிறார்.

பெரிய வேலைகள் பிற்காலத்தில்தான் வரிசையாக வந்தன. சிகாகோவில் கறுப்புக் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே, 53 அடி உயரத்தில் செக்கச்செவேலென்று ஒரு 'ஃபிளமிங்கோ' (1974). கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற ஊரில் 1969இல் நிறுவிய சிவப்புச் சிற்பம் 43 அடி உயரம், 42 டன். இவை அசையாது. ஆனால் அடியில் நாம் நடக்க நடக்க வளைவுகள் திறந்து மூடும். கிராண்ட் ராப்பிட்ஸில் ஆரம்பத்தில் "என்ன இது?" என்று எதிர்த்தவர்கள் நிறையப் பேர். பிறகு அந்த வடிவத்தையே நகரத்தின் சின்னமாக்கிக்கொண்டார்கள். குப்பை லாரியில்கூட அந்தப் படம்தான்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் சித்திரைத் தேரோட்டத்தன்று மாசி வீதி முக்கில் நின்று பார்க்க வேண்டும். வடம் பிடிப்பவர்களுக்குப் பின்னால் சக்கரம் தெரியாது. சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு குனிந்து நிற்பவருக்கு முன்னால் இருக்கிற வடம் தெரியாது. அவர் கட்டையைச் செருகுகிற கோணத்தில்தான் அவ்வளவு பெரிய தேரும் திரும்புகிறது. மரம் முனகுகிற சத்தம் கேட்கும். அடிப்பகுதி திரும்பி முடிந்த பிறகுதான், மேலே தொங்கும் தொம்பைகள் ஒரு நொடி பிந்தி ஆடும். கணக்கும் பாரமும் அழகும் சேர்ந்து நகர்கிற இப்படியொரு வேலையை வருடா வருடம் பார்க்கிற ஊர் இது. யாளியின் வாய்க்குள் கல்பந்தை உருள விட்ட சிற்பிகளின் நாடு. வேளார்கள் சுட்டுக் கொடுக்கும் மண்குதிரைகளை, புரவி எடுப்பில் தோளில் சுமந்து அய்யனார் கோயிலுக்கு நடக்கிற கிராமங்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. நமக்கா அசையும் சிற்பம் புரியாது?

ஆனால் நம் பொது இடங்களில் இன்று என்ன இருக்கிறது? கம்பிக் கூண்டுக்குள் தலைவர்கள். அவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. அதனாலேயே கூண்டைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது. ஒரு தலைவரை ஒரு சாதிக்குச் சொந்தமாக்கிவிட்டோம், அதனால் காவல் தேவைப்படுகிறது. மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலையை யோசித்துப் பாருங்கள். 1959இலிருந்து நான்கு பேர் ஒரு பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் கிடையாது, கூண்டும் கிடையாது. காற்றில் திரும்புகிற ஒரு தகட்டுக்கு எந்தச் சாதியும் உரிமை கொண்டாட முடியாது. என் வேண்டுகோளுக்கு முதல் காரணம் அதுதான்.

பணம், பராமரிப்பு என்பார்கள். நியாயமான கேள்வி. எங்கள் பகுதியில் ஒரு நீரூற்று வைத்தார்கள். மோட்டார் கெட்டதும் கொசு வளர்க்கும் தொட்டியாகிவிட்டது. காற்றுக்கு மோட்டாரும் வேண்டாம், கரண்ட் பில்லும் வேண்டாம். பேரிங்குக்கு கிரீஸ் வைக்க வேண்டும், துருப் பிடிக்காமல் பெயின்ட் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். பாரிஸில் யுனெஸ்கோ வளாகத்தில் கால்டர் 1958இல் வைத்தது அப்படிப்பட்டதுதான்: கீழே அசையாத இரும்புக் கால்கள், உச்சியில் மட்டும் திரும்பும் தகடுகள். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றுக்குத் தாங்குமா என்று கணக்குப் போட, இங்கே இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கா பஞ்சம்? கால்டரின் ராட்சதச் சிற்பங்கள் பலவற்றையே பிரான்சில் ஓர் இரும்புப் பட்டறைக்காரர்கள்தான் வெட்டி, இணைத்துக் கொடுத்தார்கள். லாரி பாடி கட்டுகிற நம் பட்டறைக்காரர்களுக்கு அந்தக் கை உண்டு.

எங்கள் வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுக்கப் போகிறேன். தேர்வுக் குழுவில் ஒரு ஸ்தபதியும், ஒரு நவீனச் சிற்பியும், ஒரு வெல்டரும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறேன். பத்து வருடப் பராமரிப்புக்கான பணத்தை முதல் நாளே தனியாக ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ள மதுரைக்காரர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.